சட்டைப் பையில் ஒரு குப்பி

ஞாயிறுதோறும் நூலகத்தில் பொதுமக்களுக்காக நடக்கும் பெப்டைடு வகுப்புக்குத் தையல்காரர் முதன்முறையாக வந்திருந்தார். முழங்கால் வலிக்கென்று இணையத்தில் வாங்கிய, 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று ஒட்டியிருந்த பெப்டைடு ஊசி மருந்துக் குப்பியை எடுத்துப் பார்ப்பதும் சட்டைப் பையில் மறைப்பதுமாக இருந்தார். இதைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்க ஆசைதான். படித்தவர்கள் நடுவே வாய் வரவில்லை.

பக்கத்திலிருந்த அம்மாள் கை தூக்கினார். "சார், பெப்டைடுன்னா சத்து மாத்திரையா?"

பின்வரிசை கொல்லென்று சிரித்தது.

"புரதத்தோட சின்னத் துண்டு மாதிரிம்மா," என்றார் பேராசிரியர்.

அம்மாள் தையல்காரரின் சட்டைப் பையை ஓரக்கண்ணால் பார்த்தபடி மறுபடி கேட்டார். "குப்பியில 'ஆராய்ச்சிக்கு மட்டும்'னு போட்டிருந்தா, நாம ஊசி போட்டுக்கலாமா?"

"கூடவே கூடாது. அது சோதனைக்கூடத்துக்கு. வலின்னா டாக்டர்கிட்ட போங்க."

தையல்காரருக்குப் போன உயிர் திரும்பியது. வகுப்பு முடிந்ததும் கிசுகிசுத்தார். "நல்லவேளை கேட்டீங்கக்கா! நமக்கெல்லாம் இதைப் பத்தி என்ன தெரியும்?"

அதற்குள் பேராசிரியரே வந்து கும்பிட்டார். "மேடம், இருபது வருஷமா ஆய்வகத்துல பெப்டைடு செய்யறவங்க நீங்க. இதைப் போய் எங்கிட்ட கேக்கறீங்களே!"

"என்னைப் பாத்துச் சிரிச்சா எனக்கொண்ணும் ஆகாது சார். தெரியாதவங்களைப் பாத்துச் சிரிச்சா, அப்புறம் அவங்க கேக்கவே மாட்டாங்க."

தையல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார்... முழங்காலுக்கு எந்த டாக்டரைப் பாக்கணும்?"