எண்ணெய் காணாத இரும்பு

லேசர்ப் பொண்ணு தண்டின் மேல் கறுப்பு மை பூசி முடிப்பதற்குள் மேஸ்திரி ஆரம்பித்துவிட்டார்.

"பளபளன்னு கடைஞ்சு குடுத்தா, கரியப் பூசி வெச்சிருக்கியேம்மா."

"பளபளப்பு வெளிச்சத்தைத் திருப்பி அடிச்சிடும் சார். கறுப்புதான் உள்ள வாங்கும்."

வெடுக்கென்று வந்தது பதில். நான்கு வருடம் கல்லூரியில் 'கறுப்பி' என்று பேர் வாங்கியவளுக்கு அதைச் சொல்வதில் தனி ருசி.

லேசர் விற்கும் கம்பெனி அவளை அனுப்பியிருந்தது. இன்றைக்கு எண்ணெயில்லாமல் லேசர் சூட்டிலேயே தண்டின் மேல்தோல் இறுகிவிட்டால் முதலாளி லேசரை வாங்குவார். பின்கட்டில் புகையும் எண்ணெய்த் தொட்டியை மூடிவிடுவார்.

தொட்டி போனால் எண்ணெயம்மாவும் போக வேண்டியதுதான். இருபது வருடமாகச் சிவந்த இரும்பை இடுக்கியில் தூக்கி, இறுகுவதற்காக எண்ணெயில் முக்குகிறவள்.

பட்டறை மொத்தமும் லேசர்ப் பொண்ணை முறைத்தது. அவளும் திருப்பி முறைத்தாள்.

தண்டை வைத்த கண்ணாடிக் கூண்டுக்குள் லேசர் கதிர் ஓடியது. தண்டின் மேல் விரலகல நெருப்புக்கோடு ஊர்ந்தது. ஊர்ந்த இடம் உடனே அணைந்தது.

கூண்டு திறந்ததும் எண்ணெயம்மாவின் கை இடுக்கியோடு தானாக நீண்டது. பழகிய கை.

"முக்கக் கூடாது! உள்ள இருக்கிற குளுந்த இரும்பே சூட்டைக் குடிச்சிடும்" என்று லேசர்ப் பொண்ணு தடுத்தாள்.

எண்ணெயம்மா கையுறையைக் கழற்றினாள். முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்புகள். தண்டின் முனையைத் தொட்டாள். இறுக்கிய மறு நிமிடமே ஒரு இரும்பை அவள் வெறுங்கையால் தொட முடிந்தது அன்றுதான்.

இறுகியதா என்று ராவிப் பார்க்க மேஸ்திரி அரத்தை எண்ணெயம்மாவிடமே கொடுத்தார். அரம் கடித்தால் இரும்பு இறுகவில்லை, லேசர் தோற்றது. நெருப்பு ஊர்ந்த கோட்டுக்கு அரை விரல் தள்ளி, சூடு படாத இடத்தில் ராவினால் போதும், கடிக்கும். மேஸ்திரி கண்ணாலேயே அந்த இடத்தைக் காட்டினார்.

எண்ணெயம்மா நட்டநடுக் கோட்டில் வைத்து, உடம்பு மொத்தத்தையும் போட்டு ராவினாள்.

அரம் கண்ணாடியில் போவதுபோல் வழுக்கியது.

"இந்தம்மா வயித்துல அடிச்சிட்டுத்தான் போவேன்னு வந்தியா?" என்று மேஸ்திரி லேசர்ப் பொண்ணிடம் எகிறினார்.

அவள் தன் பையை மூடப் போனாள். எண்ணெயம்மா அந்தப் பைக்குள் கையை விட்டுச் சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். ஆட்டிப் பார்த்தாள்.

"விடியக்காலைல எழுந்து கட்டிக் குடுத்தேன். ஒரு வாய்கூடத் தொடலியேடி!"

பட்டறையையே முறைத்து நின்ற மகள், சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள்.