ஜன்னலோரக் கிண்ணம்

அந்த ஜெர்மன் தெருவில் துணி காயப்போடலாமா என்று தீர்மானித்தது வெயில் அல்ல, மார்லீஸ் வீட்டு அடுக்களை ஜன்னல். அவள் கணவன் ஹார்ட்முட், போருக்குப் பின் உள்ளூர்க் கம்பெனி செய்துபார்த்த, நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாக எழும்பும் விமானத்தின் சோதனை விமானி. பறக்கும் நாளில் கல்யாண மோதிரத்தைக் கழற்றி ஜன்னலோரக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போவான். மோதிரம் கிடந்தால் அன்று வானத்திலிருந்து விமானப் புகைக்கரி கொட்டும்; துணியை வெளியே போட முடியாது. வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துத் தெருவுக்கே சேதி சொல்வது பக்கத்து வீட்டு கெர்டாவின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை.

ஒருநாள் வானத்தில் விமான இரைச்சல் பாதியில் நின்றது. ஹார்ட்முட்டின் சவப்பெட்டியைத் திறக்காமலே புதைத்தார்கள். கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது. மோதிரம் மட்டும் கிண்ணத்திலேயே கிடந்தது. இனிக் கரி விழாது என்றாலும், அது கிடக்கும்வரை வெளியே காயப்போட யாருக்கும் மனம் வரவில்லை; தெருவில் எல்லார் துணியும் வீட்டுக்குள்ளேயே காய்ந்து நாறியது.

"செத்த புருஷன் மோதிரத்தைப் பெண்டாட்டி தன் மோதிரத்தோட சேர்த்துப் போட்டுக்கிறதுதானே நம்ம வழக்கம். இவ எதுக்குக் காத்திருக்கா?" என்றாள் எதிர்வீட்டு லோட்டே.

"போய்க் கேளேன். அப்படியே உன் போர்வையையும் வெளியே போடு, பார்ப்போம்," என்றாள் கெர்டா. லோட்டே போடவில்லை.

ஒரு காலையில் கிண்ணம் காலி. கெர்டா ஈரத்துணிக் கூடையோடு கொல்லைக்கு ஓடினாள். வேலிக்கு அப்பால் மார்லீஸ் ஹார்ட்முட்டின் சட்டைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே விரலில் இரண்டு மோதிரம். ஒன்று தொளதொளவென்று ஆடியது.

"இன்னிக்குக் காயும்," என்றாள் மார்லீஸ், வானத்தைப் பார்க்காமல்.

இன்று அந்தச் சட்டைகள் மட்டும் காயட்டும் என்று கெர்டா கூடையை உள்ளே எடுத்துப் போனாள். தெருப்பக்கம் லோட்டே தலையை நீட்டி, "என்ன, மோதிரம் கிடக்கா?" என்றாள்.

"கிடக்கு," என்றாள் கெர்டா.