பள்ளத்தின் பதில்

சுண்ணாம்புக் குன்றின் அடியில், கொள்ளுக்காட்டு ஓரமாக ஒரு கவுதாரிக் குடும்பம் இருந்தது. சிமெண்டுக்காகக் குன்றை வெடி வைத்து உடைத்தார்கள். ஒரு வெடியில் ஆண் கவுதாரி போனது போனதுதான். குன்று பள்ளமாயிற்று, கொள்ளுக்காடும் அதற்குள் சரிந்தது. பெண் கவுதாரிக்கும் அதன் இரண்டு குஞ்சுகளுக்கும் மிஞ்சியது, வெள்ளைத் தூசி படிந்த ஒரு முட்புதர்.

"கிளம்பு அக்கா. நாங்க எல்லாரும் கிளம்பிட்டோம்," என்றது முயல்.

"எப்படி வர்றது? அவரு உள்ளதான் இருக்காரு. கூப்பிட்டா பதில் சொல்றாரு." கவுதாரி விளிம்பில் நின்று கூவியது. பள்ளத்திலிருந்து அதே கூவல் திரும்பி வந்தது.

"அது உன் குரல்தான் அக்கா."

கவுதாரி அதைக் காதில் வாங்கவில்லை. தினமும் கூவியது, பதில் கேட்டு உருகியது. விளிம்பு புதரை நெருங்கிக்கொண்டே வந்தது.

ஒரு மத்தியானம் இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. கவுதாரி வாயே திறக்கவில்லை. பள்ளம் தானாகவே கூவியது. அசல் அவரது குரல்.

"பிள்ளைகளையும் கூட்டிட்டு வா. இங்க நிறைய இடம் இருக்கு."

கவுதாரிக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. உயிரோடு இருந்தபோது குஞ்சுகளை வெடி வைக்கிற பக்கமே விடாதவர் அவர்.

"ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே அது ரோட்டைப் பார்த்து ஓடியது. பெரிய குஞ்சு பின்னாலேயே வந்தது. சின்னது நின்று திரும்பிப் பார்த்தது.

"இதோ வர்றேன்ப்பா," என்றது.

இப்போது பள்ளம் இரண்டு குரலில் கூப்பிடுகிறது.