தலைகாட்டாத கம்பிகள்

"ஒரு கம்பிகூடத் தலைகாட்டலையே ஐயா. இந்த ஏரியைச் சுத்தி இப்படி ஒரு கெட்டியான மலைச்சரிவை நான் பார்த்ததே இல்லை" என்றாள் யோக்காஸ்தா.

அணைக்கட்டு அலுவலகத்தின் மண் பொறியாளர் அவள். மழைக்காலத்துக்கு முன்பு எலிசியோவின் வீட்டைச் சுற்றிச் சரிவு முழுக்க இரும்புக் கம்பிகளை நிலத்தோடு நிலமாக அடித்து வைத்துவிட்டுப் போனவள், மழை ஓய்ந்ததும் பார்க்க வந்திருந்தாள். மழை மண்ணைக் கரைத்தால் கம்பி வெளியே நீட்டும். ஒரு சாண் நீட்டினால் வீட்டைக் காலி செய்துவிட்டு நகரத்து வரிசை வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எலிசியோவின் முதல் வீடு அந்த ஏரித் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அணை நிரம்பிய வருடம் விட்டு வந்தது. இன்றும் கனவில் அதற்குள் நடமாடுவார். அடுப்பில் காபி கொதிக்கும், வாசல் வழியே மீன்கள் சாவகாசமாக வந்து போகும், அவருக்கு மூச்சே முட்டாது. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் காதுக்குள் தண்ணீர் நிற்பது போலிருக்கும். இந்த வீட்டையும் இனிக் கனவில்தான் பார்க்க வேண்டும் என்றால், பாவம், மனிதர் தாங்கமாட்டார்.

"அப்போ நாங்க இங்கேயே இருக்கலாமா, அம்மாடி?"

"தாராளமா இருங்க."

அவர் மனைவி டொமித்திலா காபியோடு வந்தாள். ஏரியை விட்டு எழுந்த மூடுபனி துவரைச் செடிகளுக்குள் சோம்பலாக நுழைந்துகொண்டிருந்தது. எலிசியோவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. சர்க்கரை போட மறந்த மனைவியைக்கூட அன்று அவர் கிண்டல் செய்யவில்லை.

காபியை உறிஞ்சியபடியே யோக்காஸ்தா இன்னொரு நல்ல சேதியும் சொன்னாள். எதிர்க்கரையில் மண் சரிந்து வீடிழந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடக்கிறார்கள். அத்தனை குடும்பத்துக்கும் இந்தச் சரிவிலேயே வீடு கட்டித் தரப் போகிறார்கள். இவ்வளவு கெட்டியான மண் வேறெங்கும் கிடையாது என்று அவளே அலுவலகத்தில் அடித்துச் சொல்லப் போகிறாள்.

"குழந்தைகுட்டிங்க நிறைய. இனிமே உங்களுக்குப் பொழுது போறதே தெரியாது."

எலிசியோ காபியைக் குடிக்காமல் வைத்திருந்தார். டொமித்திலா அவர் தோளைத் தொட்டாள்.

"சொல்லிடுங்க."

அவர் வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஒவ்வொரு மழை விட்டதும் கம்பியெல்லாம் வெளியே நீட்டிட்டுதான் நின்னுச்சு, அம்மாடி. சுத்தியலால அடிச்சு உள்ளே இறக்கினது நான்தான்."