அவன் வாயாலேயே

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அவசரக் கூட்டத்துக்குக் கிளம்பினேன். "கட்டடத்தை வரைஞ்சது யாருன்னு முதலாளி எல்லார் முன்னாடியும் கேக்கப் போறாராம்" என்று காலையிலேயே போன் வந்திருந்தது. கடைசியில் மேலிடத்தில் என் மனு கையெழுத்தாகிவிட்டது.

போன வாரம் குடிவந்த எங்கள் கம்பெனியின் புதுக் கட்டடத்தை வரைந்தவன் நான். அந்த வரைபடத்தின் ஓரத்தில் தன் பெயரை எழுதி முதலாளியிடம் நீட்டியவன் பக்கத்து மேசைக்காரன். அவனுக்குத் தலைமைப் பதவி, தனி அறை, வாசல் கல்லில் பெயர். எனக்குக் கழுத்து வலி.

சண்டை போடத் தைரியம் இல்லாததால் பக்தி வந்தது. மூன்று வருடமாகக் குளித்த கையோடு கடவுளிடம் ஒரே விண்ணப்பம்: அவன் வாயாலேயே, எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அவனுக்குக் கார் வந்தது. பிறகு அதைவிடப் பெரிய கார் வந்தது. கடவுள் ஆள் மாற்றிக் கொடுக்கிறாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

"விடுங்க. கடவுள் யாரையும் சும்மா விடமாட்டார்" என்பாள் மனைவி.

முதலாளி அறைக்கு வெளியே தச்சர் ஒரு கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்.

"வாஷ்பேசினை ஒட்டி உள்பக்கமா திறக்குது சார். கொஞ்சம் குண்டான ஆள் உள்ள போயிட்டா, கதவை இழுக்க ஒதுங்கி நிக்க இடமில்ல. அதான் மாத்தறேன்."

"அப்புறம் பேசலாங்க. எனக்கு இன்னிக்கு நல்ல நாள்" என்று தாண்டிப் போனேன்.

கூடத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். முதலாளி முழங்கையில் பிளாஸ்திரியோடு, நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். "யார் வரைஞ்சது? எனக்கு உண்மை வேணும்."

பக்கத்து மேசைக்காரன் தலையைக் குனிந்துகொண்டே எழுந்தான். "நான் இல்ல சார். ஒரு கோடுகூட நான் போடல. எல்லாம் இவர் போட்டது. பேரை மட்டும் நான் போட்டுக்கிட்டேன். மன்னிச்சிடுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கேட்டபடியே, வார்த்தைக்கு வார்த்தை நடந்துகொண்டிருந்தது. கடவுளைச் சந்தேகப்பட்டதற்கு மனதுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நிஜமாவா? வேற யாரும் கை வைக்கலையே?"

மூன்று வருட ஏக்கம் நெஞ்சை நிமிர்த்தியது. "ஒவ்வொரு கதவும் ஜன்னலும் நானே அளந்து வச்சது சார். வேற யாரும் விரல்கூட வைக்கல."

முதலாளி பிளாஸ்திரியை மெதுவாகத் தடவிக்கொண்டார்.

"அப்ப, நேத்து ரெண்டு மணி நேரம் என்னை டாய்லெட்ல அடைச்சு வச்சது நீங்கதானா?"