மேலப்பாளையம் பஸ்

"இன்னைக்கும் ரெண்டும் ஒண்ணாவா போச்சு?"

வண்ணார்பேட்டை நிறுத்தத்தின் சிமெண்டு பெஞ்சில் கைப்பையை வைத்தபடியே எலிசபெத் கேட்டாள். எதிர்ச்சாரியில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. சாயங்காலம் சுத்தமல்லி பஸ்ஸுக்காக இங்கே வருவாள். அவள் வரும்போதெல்லாம் கமர் நிஷா அந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"இப்பத்தான் போச்சு. முன்னால ஒண்ணு, அது வாலப் பிடிச்சுக்கிட்டே இன்னொண்ணு," என்றாள் கமர் நிஷா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு.

இரண்டு மேலப்பாளையம் பஸ்களும் சேர்ந்து போய்விட்டால் அடுத்தது வர வெகுநேரம் ஆகும். அதற்குள் சுத்தமல்லி பஸ் வந்துவிடும். அதில் ஏறி ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் எலிசபெத்துக்கு மனசு கேட்காது.

"உங்கள இங்கன ஒத்தையில விட்டுட்டுப் போறது ஒரு மாதிரியா இருக்குக்கா."

கமர் நிஷா சிரித்து வைத்தாள். கணவர் மவுத்தான பிறகு ஒற்றை வாழ்க்கைதான். மகன் ஆரிப் சார்ஜாவில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் போன் பண்ணுவான். மற்ற நாட்களில் 'சாப்பிட்டியளா' என்று அவளைக் கேட்க இந்த எலிசபெத் ஒருத்திதான். இந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே காலையிலிருந்து பேச்சைச் சேர்த்து வைத்திருப்பாள்.

எலிசபெத்துக்கு ஒரு குணம். எதைப் பார்த்தாலும் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். பஸ்கள் ஏன் ஒட்டிக்கொண்டு வருகின்றன என்று கண்டக்டர்களிடம் கேட்டாள், நின்று கவனித்தாள். ஒருநாள் டிபன் டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் பெஞ்சில் வரிசையாக வைத்தாள்.

"இங்க பாருங்க. டப்பாதான் முன்னால போற பஸ். எங்கனயோ கொஞ்சம் பிந்திட்டு. பிந்துனா அடுத்த ஸ்டாப்புல ஆளு கூடிரும். அவ்வளவு பேரும் ஏறி முடியுறதுக்குள்ள இன்னும் பிந்தும். பின்னால வார பாட்டிலுக்கு ஏத்துறதுக்கு ஆளே மிச்சமில்ல. நிக்காம ஓடி வந்து டப்பா முதுகுல ஒட்டிக்கிடும்."

கமர் நிஷாவுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. இருந்தாலும், அப்படியானால் பாட்டில் டப்பாவை முந்திப் போனால் என்ன என்று கேட்டாள். மறுநாள், மழைக்காலத்திலும் இப்படித்தானா என்றாள். கேட்கக் கேட்க எலிசபெத் முகம் மலர்ந்து விளக்குவாள்.

இதற்குப் புது பஸ் வேண்டாம், புது டிரைவர் வேண்டாம் என்பதுதான் எலிசபெத்தின் கண்டுபிடிப்பு. முன்னால் போகிற பஸ் கண்ணுக்குத் தெரிந்தால், பின்னால் வருவது வழியில் முருகன்குறிச்சியில் சற்று நின்று வர வேண்டும், அவ்வளவுதான்.

"சும்மா நிக்கதுக்குக் காசா கேக்கப் போறாங்க?"

"கெடக்கட்டும் விடு எலிசு. நான் போயி என்ன, ஒலையா வைக்கணும்? பைய போனாப் போதும்."

அந்தப் பெருந்தன்மையே எலிசபெத்தைக் கிளப்பிவிட்டது. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டைம் கீப்பர் ஆவுடைநாயகத்தைப் பிடித்தாள். காக்கிச் சட்டையை வேண்டுமானால் அவளே போட்டுக்கொள்ளட்டும் என்று அவர் கேலி பண்ணி அனுப்பினார். மறுபடியும் போனாள். டப்பாவையும் பாட்டிலையும் அவர் மேசையிலேயே ஓடவிட்டாள். கடைசியில் அவர், திங்கட்கிழமையிலிருந்து செய்து பார்க்கலாம் என்றார்.

செய்தியைக் கேட்டதும், "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் கமர் நிஷா. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது. எலிசபெத் வந்து உட்கார்ந்தாள். அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கமர் நிஷா கேட்டாள். பதில் வருவதற்குள் மேலப்பாளையம் பஸ் வந்துவிட்டது. தனியாக, நெரிசல் இல்லாமல் வந்தது.

எலிசபெத் ரோட்டோரம் வரை ஓடிக் கையைக் காட்டினாள்.

"வந்துட்டுக்கா, ஏறுங்க. பாத்தியளா, உக்கார இடங்கூட இருக்கு. இனி தெனமும் உங்கள ஏத்திவிட்டுட்டுத்தான் நான் போவேன்."

கமர் நிஷா அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் அவ்வளவு சந்தோஷம். கம்பியைப் பிடித்து ஏறினாள். பெண்களுக்கான காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர். பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் எலிசபெத் கையாட்டிக்கொண்டே நின்றாள்.

அடுத்த நிறுத்தமான கொக்கிரகுளம் வந்தது. கமர் நிஷா எழுந்தாள்.

"மேலப்பாளையம்னுதான சொன்னிய?" என்றார் கண்டக்டர்.

அவள் இறங்கி, ஒரு பழக்கடையின் மறைவில் நின்றாள். ஜன்னலோரம் எலிசபெத்தை உட்கார வைத்துக்கொண்டு சுத்தமல்லி பஸ் அவளைக் கடந்து போனது. அதன் பிறகு வந்த வழியே நடக்கத் தொடங்கினாள்.

வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் பெஞ்சு காலியாகக் கிடந்தது. கமர் நிஷா அதில் உட்காரவில்லை. நிறுத்தத்துக்கு நேர் பின்னால் இருந்த படிகளில் ஏறி, மாடியில் தன் வீட்டைத் திறந்தாள். இரண்டு மேலப்பாளையம் பஸ்களும் போய்த் தொலைந்தனவா என்று இத்தனை நாளும் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, அதன் பிறகே பெஞ்சுக்கு இறங்கிப் போவதற்காகத் திறந்து வைத்திருந்த அந்த ஜன்னலைச் சாத்தினாள்.