ஜப்பான் விரல் வைத்தியம்

ஒரகடம் தொழிற்சாலையில் ஏழு மாத வயிற்றோடு லைனில் நின்றுகொண்டே வேலை பார்த்த செல்லக்கனிக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. சூப்பர்வைசர் வசந்தகுமாரிடம் போய் நின்றாள்.

“சார், உக்காந்து வேலை பாக்க ஒரு ஸ்டூல் குடுங்க. நிக்க முடியல.”

“ஸ்டூல் இன்னாத்துக்கும்மா? நாளைக்கு நம்ம கம்பெனில கர்ப்பிணிங்களுக்குன்னே ஷியாட்சு நடக்குது. ஜப்பான் வைத்தியம். விரலால அமுக்குனா வலி பறந்துடும். பிரசவம்கூட ஈசியா ஆவுமாம்.”

ஒரு நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுநாள் பயிற்சி அறையிலிருந்து கைதட்டல் கேட்டதே தவிர, அவளை யாரும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் வசந்தகுமார் துள்ளி நடந்து வந்தார்.

“என்னைய ஏன் சார் கூப்பிடல?”

“உன்னை அனுப்பினா லைன் நின்னுடுமேம்மா! ஃபோட்டோவுக்கு ஆள் வேணுமேன்னு என் சட்டைக்குள்ள தலகாணிய வச்சி, என்னியே படுக்க வச்சிட்டாங்க. சூப்பர் வைத்தியம்மா. எனக்கிருந்த இடுப்பு வலி போன எடம் தெரியல!”

செல்லக்கனி அவருடைய நாற்காலியை லைனுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்ப பிரசவத்துக்கும் நீங்களே போயிருங்க சார்.”